கைக்கு எட்டியது கால்பந்து

2012 ஆகஸ்ட் 30 அன்று சென்னை நேரு விளையாட்டரங்கில் ஒரு நட்புமுறைக் கால்பந்து ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் சென்னை சுங்கத் துறை அணி. மறு பக்கம் கொழும்பு ராயல் கல்லூரி அணி. பெயரில்தான் கல்லூரி, அது சிங்களத்திலும் தமிழிலும் பாடம் நடக்கும் பள்ளிக்கூடம். ஆட்டம் முடிந்த சில நாளில் அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் அறிக்கை வந்தது. ஆட்டத்துக்கு அரங்கத்தைத் தந்த அதிகாரி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். ராயல் கல்லூரி அணியைத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு. ரத்தினபுரியிலிருந்து இங்குள்ள தனியார் பள்ளி ஒன்றோடு ஆட வந்திருந்த இன்னொரு பள்ளி அணிக்கும் அதே உத்தரவு.

ஒரு நாடு நடத்திய போருக்காக அந்நாட்டின் விளையாட்டு வீரர்களைப் போட்டியிலிருந்து விலக்கலாமா என்ற கேள்வி, உக்ரைன் போருக்குப் பிறகு உலகமெங்கும் பேசப்படுகிறது. நமக்கு அது அதற்குப் பத்தாண்டு முன்பே வந்துவிட்டது. வந்த வழி சுங்கத் துறை அணி என்பதால், வடசென்னைக்கு இந்தக் கதையில் கொஞ்சம் கூடுதல் பங்கு உண்டு. ராஜாஜி சாலையில் துறைமுகத்தை ஒட்டி நிற்கும் சுங்க மாளிகைக்குள் பந்தை உதைத்தே வேலைக்குப் போகலாம் என்பது வியாசர்பாடி, ராயபுரம் பையன்களுக்குத் தெரிந்த வழி. சுங்கம், துறைமுகம், ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, காவல் துறை, ராணுவம் என்று அந்தப் பட்டியலை இந்தப் பக்கத்துப் பயிற்சியாளர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’ இங்கே ரேஷன் அட்டை மாதிரி. அது இருக்கும் வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

அந்தக் கோடையில் தமிழ்நாட்டில் இலங்கைக்காரர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். இலங்கை விமானப் படையைச் சேர்ந்தவர்கள் தாம்பரம் விமானப் படைத் தளத்தில் பயிற்சி பெற்றார்கள். எதிர்ப்பு எழுந்ததும் மத்திய அரசு அவர்களைப் பெங்களூரு எலகங்காவுக்கு மாற்றியது, பயிற்சி நிற்கவில்லை. குன்னூர் வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் இலங்கை ராணுவ அதிகாரிகள் இருவர் இருந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பக் கோரி முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இலங்கை நட்பு நாடு, பயிற்சி தொடரும் என்று டெல்லி சொல்லிவிட்டது. ஆக, சீருடை அணிந்தவர்கள் பாடத்தை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். பந்து விளையாட வந்த பிள்ளைகள் பாதியில் பெட்டி கட்டினார்கள்.

இதில் மாநில அரசைக் கேலி செய்வது சுலபம்; எனக்கு அதில் விருப்பம் இல்லை. வெளியுறவு மாநிலத்தின் கையில் இல்லை. ராணுவக் கல்லூரி இல்லை. துறைமுகம் இல்லை, சுங்கமும் இல்லை. விளையாட்டரங்கம் இருந்தது. கோபம் பெரியது, கை சிறியது. கைக்கு எட்டிய இடத்தில் அடி விழுந்தது. விளையாட்டுத் தடைகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. யாரைத் தண்டிக்க வேண்டுமோ அவர் தொலைவில் இருப்பார். அவர் நாட்டுப் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு ஒருவர் நம் வாசலுக்கு வந்து நிற்பார்.

கோபத்தின் நியாயம்

அந்தக் கோபம் மேடையில் உண்டாக்கப்பட்டது என்று டெல்லிப் பத்திரிகைகள் அப்போது எழுதின. வடசென்னையில் இருந்தவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. இலங்கைப் போரை நிறுத்தக் கோரி 2009 ஜனவரி 29 அன்று சாஸ்திரி பவன் வாசலில் தீக்குளித்த முத்துக்குமாரின் உடல் கொளத்தூரிலிருந்து ஊர்வலமாக வந்து எரியூட்டப்பட்டது மூலக்கொத்தளத்தில். அந்த ஊர்வலத்தில் நடந்தவர்கள் எல்லோரும் கட்சிக்காரர்கள் அல்லர். அதன்பின் நான்கு மாதத்தில் முள்ளிவாய்க்கால் முடிந்தது. போரின் கடைசிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் அறிக்கை தந்தது. 2013 பிப்ரவரியில் பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரனின் படங்கள் வெளியாயின: பதுங்கு குழியில் உயிரோடு உட்கார்ந்திருக்கும் ஒரு படம், மார்பில் குண்டு பாய்ந்து கிடக்கும் இன்னொரு படம். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு ‘விளையாட்டு வேறு, அரசியல் வேறு’ என்று சொல்ல முடியாத நிலையில் ஒரு தலைமுறையே இருந்தது. மார்ச்சில் லயோலா மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார, மாநிலம் முழுக்கக் கல்லூரிகள் மூடப்பட்டன.

அந்த வேகத்தில்தான் பெரிய முடிவுகள் வந்தன. அந்த ஆண்டு ஜூலையில் சென்னையில் நடக்க வேண்டிய ஆசியத் தடகளப் போட்டியை நடத்த முடியாது என்று தமிழ்நாடு பிப்ரவரியிலேயே கைகழுவியது. போட்டி புனேவுக்குப் போனது. மார்ச் 26 அன்று முதல்வர் பிரதமருக்கு எழுதிய கடிதம் இன்னும் கறாரானது: ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர், நடுவர், நிர்வாகி, உதவியாளர் எவரும் கலந்துகொள்ள மாட்டார்கள் என்று உறுதி தந்தால்தான் சென்னையில் ஆட்டம். ஐ.பி.எல். நிர்வாகம் பணிந்தது. பிளே-ஆஃப் சுற்றில் சென்னைக்கென ஒதுக்கியிருந்த இரண்டு ஆட்டங்களும் டெல்லிக்குப் போயின.

அந்தப் பருவத்தில் மூன்று அணிகளுக்கு இலங்கைக்காரர்கள் தலைவர்கள்: ஐதராபாத்துக்கு சங்கக்கார, டெல்லிக்கு ஜெயவர்தன, புனேவுக்கு மேத்யூஸ். மூன்று அணிகளும் தலைவர் இல்லாமல் சேப்பாக்கம் வந்து ஆடிவிட்டுப் போயின. சங்கக்காரவை எடுத்துக்கொள்வோம். 2011 ஜூலையில் லண்டன் லார்ட்ஸில் அவர் ஆற்றிய உரை கிரிக்கெட் உலகம் தாண்டியும் பேசப்பட்டது. 1983 ஜூலைக் கலவரத்தில் கண்டியிலிருந்த தன் வீட்டில் பெற்றோர் தமிழ் நண்பர்களுக்கு அடைக்கலம் தந்ததை அதில் அவர் சொன்னார். தன் நாட்டுக் கிரிக்கெட் வாரியத்தின் ஊழலை வெளிநாட்டு மேடையில் போட்டு உடைத்தார். பதவியில் இருந்த அமைச்சர் விசாரணைக்கு உத்தரவிடும் அளவுக்கு அது போனது. கொழும்பு ஆட்சிக்கு எரிச்சல் ஊட்டிய ஒருவரைத்தான் சென்னை உள்ளே விட மறுத்தது.

அடுத்தவர் முரளிதரன். அவர் அப்போது பெங்களூரு அணியில். கண்டி மலையகத் தமிழர், சென்னையில் பெண் எடுத்தவர், 2008 முதல் மூன்று பருவம் இதே சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டை போட்டு ஆடியவர். இலங்கைக்காரர் என்ற ஒரே அளவுகோலில் தமிழரும் மாட்டிக்கொண்டார். அவருடைய அரசியல் பேச்சுகள் மேல் இங்கே பலருக்கு மனத்தாங்கல் உண்டு. 2020இல் அவர் வாழ்க்கைப் படத்திலிருந்து விஜய் சேதுபதி விலக நேர்ந்ததும் அதனால்தான். அந்த மனத்தாங்கல் சரியாகவே இருக்கட்டும். 2013இல் அவரை நிறுத்தியது அவர் பேச்சுக்காக அல்ல, கடவுச்சீட்டுக்காக.

மூன்றாவது ஆள்தான் என் வாதத்துக்கு இடைஞ்சல். புனே அணியில் இருந்த அஜந்த மெண்டிஸ். இலங்கை ராணுவத்தின் பீரங்கிப் படைப் பிரிவில் இருந்தவர். ராணுவ அணிக்கு ஆடித்தான் மேலே வந்தார். 2008 ஆசியக் கோப்பையில் இந்தியாவைச் சுருட்டியதும் ராணுவம் அவருக்குப் பதவி உயர்வு தந்தது. அதற்கு அடுத்த ஆண்டு முள்ளிவாய்க்காலில் விழுந்தவை பீரங்கிக் குண்டுகள். மெண்டிஸ் அங்கே பீரங்கி இயக்கினார் என்று யாரும் சொல்லவில்லை. அந்த மாதங்களில் அவர் இலங்கை அணிக்காகப் பந்து வீசிக்கொண்டிருந்தார். ஆனாலும் இறந்தவரின் உறவுக்காரர் ஒருவர் சேப்பாக்கம் வாசலில் நின்று ‘இவர் வரக் கூடாது’ என்று சொன்னால், அவரிடம் என்னால் எளிதாக வாதாட முடியாது. தடையை முற்றாக எதிர்ப்பவர்கள் மெண்டிஸை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். தடையை முற்றாக ஆதரிப்பவர்கள் சங்கக்காரவை மறந்துவிடுகிறார்கள்.

தடையால் என்ன நடந்தது? ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை அவையில் 2012, 2013 இரண்டு ஆண்டும் இந்தியா இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்கு வாக்களித்தது. தமிழ்நாட்டின் நெருக்கடி இல்லாமல் அது நடந்திராது. ஆனால் 2012 வாக்கெடுப்பு மார்ச்சில். பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியது செப்டம்பரில். 2013 வாக்கெடுப்பு மார்ச் 21, ஐ.பி.எல். கடிதம் அதற்கு ஐந்து நாள் கழித்து. மாணவர்கள் தெருவில் உட்கார்ந்ததும் தி.மு.க. மத்திய ஆட்சியிலிருந்து விலகியதும் டெல்லியை அசைத்தன என்று சொல்ல இடமிருக்கிறது. கால்பந்துக்காரர்களைத் திருப்பி அனுப்பியதால் கொழும்பில் ஒரு நாற்காலி கூட நகரவில்லை. இங்கே வேறொன்று நகர்ந்தது. அந்த உத்தரவு வந்த சில நாளில் வேளாங்கண்ணி, பூண்டி மாதா கோவில்களுக்கு வந்திருந்த இலங்கை யாத்ரீகர்களின் பேருந்துகள் திருச்சி அருகே கல்லடி பட்டன. பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அரசே ‘இலங்கைக்காரர்’ என்று ஒட்டுமொத்தமாகச் சுட்டிய பிறகு, கல் எடுத்தவர் வீரரா யாத்ரீகரா என்று பார்க்கவில்லை.

இன்னொன்றும் நகர்ந்துகொண்டே இருந்தது. மணலி, திருவொற்றியூர், எண்ணூர் வாசிகள் அந்த ஆண்டுகளை வேறொரு காரணத்துக்காக மறக்க மாட்டார்கள்: எண்ணூர் விரைவுச் சாலையில் நாள்கணக்கில் நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசை. அந்தப் பெட்டிகளில் ஒரு பங்கு சென்னைத் துறைமுகத்தில் ஏறி, கொழும்பில் இறங்கி, அங்கே பெருங்கப்பலுக்கு மாறி உலகத்துக்குப் போகும். இந்தியச் சரக்கின் பெரிய மாற்றுத் துறைமுகம் கொழும்புதான். பெட்டி ஒவ்வொன்றும் இலங்கைத் துறைமுகத்துக்கு வருமானம். பந்தைத் தடுத்தபோது பெட்டியைத் தடுக்க வேண்டும் என்று எந்தக் கட்சியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம் ஏற்றுமதியாளருக்கும் லாரிக்காரருக்கும் கூலிக்காரருக்கும் இழப்பு வந்திருக்கும். விளையாட்டுத் தடையில் நமக்குப் பெரிதாக எதுவும் போகவில்லை, ஆசியத் தடகளப் போட்டியையும் சேப்பாக்கத்தில் இரண்டு ஆட்டத்தையும் தவிர.

இழப்பு யாருக்கு?

இந்த இடத்தில் 1974ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு டேவிஸ் கோப்பை இறுதிக்கு இந்தியா முதன்முறை அல்ல, ஆனால் வெல்லக்கூடிய வலுவோடு வந்தது. விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் இருவரும் சென்னைக்காரர்கள். ஆடாத தலைவராக ராமநாதன் கிருஷ்ணன். அரையிறுதியில் சோவியத் ஒன்றியத்தை வீழ்த்தியிருந்தார்கள். இறுதியில் எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சியோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலக, ஒரு பந்து கூட அடிக்காமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இந்தியா இன்றுவரை அந்தக் கோப்பையை வென்றதில்லை. அமிர்தராஜ் சகோதரர்களுக்கு அது பெரிய வாய்ப்பு.

அந்தப் புறக்கணிப்புக்கும் 2012 உத்தரவுக்கும் நடுவே எனக்கு மூன்று வித்தியாசம் தெரிகிறது. மறுத்தவருக்கே இழப்பு, கோப்பை நம் கையை விட்டுப் போனது. எதிர்க்கப்பட்டது ஒரு நாட்டின் அணி, தனி ஆள் அல்ல. எல்லாவற்றுக்கும் மேல், குற்றம் விளையாட்டுக்குள்ளேயே இருந்தது: தென்னாப்பிரிக்காவில் அணித் தேர்வும் மைதானமும் பார்வையாளர் வரிசையும் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. அந்தக் கொடுமையை அனுபவித்த கறுப்பின மக்களின் விளையாட்டு அமைப்புகளே உலகத்திடம் ‘இவர்களோடு ஆடாதீர்கள்’ என்று கேட்டன. எது மாறினால் தடை நீங்கும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1991இல் அது மாறத் தொடங்கியபோது அவர்கள் கிரிக்கெட் அணி முதலில் வந்து இறங்கியது கல்கத்தாவில். 2013இல் சென்னை விதித்த தடையை எது நீக்கும்? விசாரணையா, தேர்தலா, ஆட்சி மாற்றமா? யாரும் சொல்லவில்லை. பத்தாண்டு கழித்து 2023இல் மஹீஷ் தீக்‌ஷணவும் மதீஷ பத்திரணவும் சென்னை அணிக்கு ஆடினார்கள். பத்திரண பந்தை எடுத்தாலே சேப்பாக்கம் எழுந்து நின்று கத்தியது. இடையில் முள்ளிவாய்க்காலுக்கு நீதி கிடைத்துவிட்டதா என்ன? கிடைக்கவில்லை. கோபம் மட்டும் தேய்ந்துபோனது.

போருக்காக விலக்கும் வழக்கம் நூறாண்டுப் பழசு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் நம் துறைமுகத்து பர்மா ஆயில் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அந்தப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு 1920, 1924 ஒலிம்பிக்குகளில் அழைப்பில்லை. 1948 லண்டனுக்கு ஜெர்மனியையும் ஜப்பானையும் கூப்பிடவில்லை. தோற்றவரை வென்றவர் விலக்குவதுதான் வழக்கம். 2003இல் ஈராக்கின் மேல் படையெடுத்த அமெரிக்காவும் பிரிட்டனும் மறு ஆண்டு ஏதன்ஸில் கொடி பிடித்து நடந்தன. இதைச் சொன்னால் ‘அதனால் ரஷ்யாவையும் விட்டுவிடச் சொல்கிறாயா’ என்பார்கள். விட்டுவிடச் சொல்லவில்லை. ஐ.நா. பாதுகாப்பு அவை 1992இல் யுகோஸ்லாவியாவுக்கு விதித்த தடையில் விளையாட்டும் அடக்கம். அணிகள் விலக்கப்பட்டன, தனிப்பட்ட வீரர்களுக்குக் கொடியில்லாமல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆட அனுமதி கிடைத்தது. எழுதப்பட்ட விதி, உலகம் கூடி எடுத்த முடிவு, அணிக்கும் ஆளுக்கும் வேறுபாடு. எனக்குத் தெரிந்து இதைவிட ஒழுங்கான முன்மாதிரி இல்லை.

மாமல்லபுரத்தில் நடந்தது

2022இல் இந்தக் கேள்வி மறுபடி சென்னைக்கு வந்தது, இம்முறை லாபமாக. மாஸ்கோவில் நடக்க வேண்டிய செஸ் ஒலிம்பியாட் உக்ரைன் போரால் மாஸ்கோவை இழக்க, சென்னை பிடித்துக்கொண்டது. நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்து, ‘தம்பி’ குதிரையை ஊரெங்கும் நிறுத்தி, நான்கே மாதத்தில் மாமல்லபுரத்தில் அதை நடத்தியும் காட்டினோம். ரஷ்யா, பெலாரஸ் அணிகளுக்கு அனுமதியில்லை. பெண்கள் பிரிவில் தங்கம் வென்றது உக்ரைன். அந்தப் பெண்கள் கொடி போர்த்தி நின்றபோது தடைக்கு ஒரு நியாயம் கிடைத்ததாகவே எனக்கும் பட்டது.

அந்தத் தடையைச் செஸ் கூட்டமைப்பு வகுத்த விதமும் ஓரளவு நேர்மையானது. ரஷ்ய அணி கூடாது. ரஷ்ய ஆட்டக்காரர் கூட்டமைப்பின் கொடியில் தனியாக ஆடலாம். போரைப் பகிரங்கமாகக் கொண்டாடிய செர்கேய் கர்யாகினுக்கு மட்டும் ஆறு மாதத் தடை. அது அவர் செய்ததற்காக, பிறந்த ஊருக்காக அல்ல. போரை நிறுத்தச் சொல்லி 44 ரஷ்ய ஆட்டக்காரர்கள் புதினுக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அதில் கையெழுத்திட்ட இயான் நெப்போம்னியாஷி அந்த ஜூலையில்தான் மாட்ரிட்டில் கேண்டிடேட்ஸ் போட்டியை வென்றிருந்தார். அணித் தடையால் அவர் மாமல்லபுரத்துக்கு வரவில்லை.

வந்தவர் வேறு. ஒலிம்பியாட் நடந்துகொண்டிருக்கும்போதே ஆகஸ்ட் 7 அன்று சென்னையில் கூட்டமைப்பின் தலைவர் தேர்தல் நடந்தது. ரஷ்யாவின் முன்னாள் துணைப் பிரதமர் அர்காடி துவோர்கோவிச் 157 வாக்கு பெற்று மீண்டும் தலைவரானார். அவரை எதிர்த்த உக்ரைன்காரர் அந்த்ரி பரிஷ்போலெத்ஸுக்குக் கிடைத்தது 16. துணைத் தலைவராக நம் விஸ்வநாதன் ஆனந்த். துவோர்கோவிச்சும் போருக்கு எதிராக ஒரு பேட்டியில் பேசி, ரஷ்யாவில் வசை வாங்கி, ஒரு பெரிய பொறுப்பிலிருந்து விலகியவர்தான். அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் காட்சியைப் பாருங்கள்: புதினுக்கு எதிராகக் கையெழுத்துப் போட்ட ஆட்டக்காரருக்குப் பலகையில் இடமில்லை, அந்த அரசில் துணைப் பிரதமராக இருந்தவருக்கு மேடையில் தலைமை இடம். இதை அன்று சென்னையில் யாரும் கேட்டதாக நினைவில்லை. நடத்திக் காட்டிய பெருமையில் இருந்தோம். அந்த ஒலிம்பியாடிலிருந்து கடைசி நேரத்தில் விலகிய இன்னொரு நாடு பாகிஸ்தான். தீபம் ஜம்மு காஷ்மீர் வழியாக வந்தது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒரே போட்டியில் ஒருவர் விலக்கப்பட்டார், ஒருவர் தானே விலகினார், ஒருவர் தலைவரானார்.

எனவே வரிசை இப்படி இருக்க வேண்டும் என்பது என் கருத்து. போர் தொடுத்த அரசின் பேரில் நடவடிக்கை எடுத்தால், முதலில் போக வேண்டியது அந்நாட்டில் போட்டி நடத்தும் உரிமை. அடுத்து கொடி, கீதம், சர்வதேசக் கூட்டமைப்புகளில் அந்த அரசின் ஆட்கள் வகிக்கும் பதவி. அதற்கப்புறம் தேசிய அணி. தனி வீரர் கடைசியில் வர வேண்டும், அதுவும் அவர் வாயால் சொன்னதற்கும் கையால் செய்ததற்கும் மட்டும். 2010இல் ராஜபக்ச கூட்டணியில் நின்று நாடாளுமன்றம் போன சனத் ஜெயசூரியவைச் சென்னை வேண்டாம் என்றிருந்தால், நான் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டேன். நடைமுறையில் வரிசை தலைகீழாக இருக்கிறது. விளையாட்டு வீரர் முதலில் வெளியேற, நிர்வாகி கடைசிவரை உட்கார்ந்திருக்கிறார்.

சீருடைக் கேள்வி

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரஷ்ய, பெலாரஸ் வீரர்கள் ‘தனிப்பட்ட நடுநிலை வீரர்’ என்ற பெயரில் 32 பேர் ஆடினார்கள். அதற்கு இரண்டு நிபந்தனை. போரை ஆதரித்திருக்கக் கூடாது. ராணுவத்தோடோ தேசியப் பாதுகாப்பு அமைப்புகளோடோ ஒப்பந்தத்தில் இருக்கக் கூடாது. முதல் நிபந்தனை சரி. இரண்டாவதும் கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது. ராயபுரத்திலிருந்து பார்த்தால் அப்படி இல்லை.

அதே பாரிஸுக்கு இந்தியா அனுப்பிய 117 பேரில் 24 பேர் முப்படைகளைச் சேர்ந்தவர்கள். ஈட்டி எறிந்த நீரஜ் சோப்ரா முதல் ஆள். தொலைதூர ஓட்டத்தில் 2017 ஆசியப் போட்டியில் இரண்டு தங்கம் வென்ற புதுக்கோட்டை லட்சுமணன், தொடர் ஓட்டத்தில் பல பதக்கம் எடுத்த திருச்சி ஆரோக்கிய ராஜீவ் இருவரும் ராணுவத்துக்காரர்கள். இவர்கள் ராணுவத்துக்குப் போனது சண்டை போடும் ஆசையில் மட்டுமல்ல. சாப்பாடு, ஷூ, பயிற்சியாளர், மாதச் சம்பளம், காயம் பட்டால் மருத்துவமனை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தருவது அங்கேதான். அமெரிக்காவில் அதைப் பல்கலைக்கழகம் தருகிறது, ஐரோப்பாவில் கிளப் தருகிறது. நம் ஊரில் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதை அரசு வேலைதான் தர முடியும். சோவியத் காலத்திலிருந்து ரஷ்யாவிலும் இதே ஏற்பாடு: ராணுவத்துக்கு ஒரு விளையாட்டுக் கழகம், காவலுக்கு ஒன்று. பணக்கார டென்னிஸ் ஆட்டக்காரருக்குச் சொந்தப் பயிற்சியாளர் இருக்கிறார், மொனாக்கோவிலோ துபாயிலோ வீடு இருக்கிறது. நடுநிலை வீரராவதில் அவருக்குச் சிக்கல் இல்லை. சைபீரியாவில் மல்யுத்தம் பழகி ராணுவக் கழகத்தில் சம்பளம் வாங்குபவர் வாசலிலேயே நிற்கிறார்.

நாளை ஒருவேளை இந்தியாவுக்கு அப்படி ஒரு தடை வந்தால், வடசென்னையில் யார் தேறுவார் என்று யோசித்துப் பாருங்கள். சுங்கம் தப்பும், துறைமுகம் தப்பும், ஐ.சி.எஃப். தப்பும். ராணுவத்துக்குப் போன குத்துச்சண்டைக்காரர் தப்ப மாட்டார்; எல்லைப் பாதுகாப்புப் படைக்கும் மத்திய ரிசர்வ் காவல் படைக்கும் போனவர்களும் தப்புவது கஷ்டம். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை சொல்லி மோதிய ராயபுரம், காசிமேடு மேடைகளுக்குப் பிறகு இங்குள்ள குத்துச்சண்டைக்காரர்களுக்கு இருந்த வாழ்க்கை வழியே சீருடை வேலைதான். ஏற்கெனவே குத்துச்சண்டை இந்தச் சண்டையில் நிறைய அடிபட்டிருக்கிறது. 2023 மார்ச்சில் டெல்லியில் நடந்த உலகப் பெண்கள் குத்துச்சண்டைப் போட்டியில், ரஷ்யரான உமர் கிரெம்லெவ் தலைமையிலான கூட்டமைப்பு ரஷ்ய வீராங்கனைகளைக் கொடியோடும் கீதத்தோடும் ஆட விட்டது. அமெரிக்காவும் பிரிட்டனும் இன்னும் பல நாடுகளும் வரவில்லை. சில மாதத்தில் ஒலிம்பிக் கமிட்டி அந்தக் கூட்டமைப்பின் அங்கீகாரத்தையே பறித்தது. அதற்கு முக்கியக் காரணம் நிர்வாக, நிதிச் சீர்கேடு. 2028 ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை இருக்குமா என்பதே 2025 மார்ச் வரை உறுதியில்லாமல் இருந்தது. காலை ஐந்து மணிக்கு எழுந்து கடற்கரையில் ஓடும் பெண்ணுக்கு அந்த இரண்டு வருடம் பெரிது.

ஆகவே சீருடை ஓர் அளவுகோலாக வேண்டாம். போர்முனைக்குப் போனாரா, போருக்குக் குரல் கொடுத்தாரா என்று ஆளுக்கு ஆள் விசாரிப்பது கடினமான வேலைதான். அதற்காகச் சம்பளப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்வது சோம்பேறித்தனம். மெண்டிஸ் விஷயத்திலும் இதே பதில்தான் எனக்கு, திருப்தியில்லாமல் சொன்னாலும்.

பாதிக்கப்பட்டவருடைய உரிமை வேறு. உக்ரைன் வாள்வீச்சு வீராங்கனை ஓல்ஹா கார்லான் 2023 ஜூலையில் மிலான் நகரில் நடுநிலைக் கொடியில் வந்த ரஷ்யப் பெண்ணோடு ஆடி வென்றார். கை கொடுக்க மறுத்தார். தகுதி நீக்கம் செய்தார்கள். அவர் ஆடவே மாட்டேன் என்று சொல்லியிருந்தாலும் நான் அவர் பக்கம்தான் நின்றிருப்பேன். இழக்கத் துணிந்து மறுக்கிறார், மறுப்பது அவர் உரிமை. பிறகு ஒலிம்பிக் கமிட்டியே அவருக்குப் பாரிஸில் இடம் தந்தது. தனிநபர் வெண்கலமும் அணித் தங்கமும் எடுத்தார். 2013இல் ஓர் இந்தியத் தமிழ் வீரர் ‘இலங்கைக்காரர் இருக்கும் ஆட்டத்தில் நான் ஆட மாட்டேன்’ என்று ஐ.பி.எல். சம்பளத்தை விட்டிருந்தால், அந்த மறுப்புக்கு ஓர் எடை இருந்திருக்கும். அப்படி எவரும் வரவில்லை. அணி முதலாளிகளும் அந்தப் பருவத்துக் கணக்கை நிம்மதியாக முடித்தார்கள்.

பாகிஸ்தான் விஷயத்தில் நாம் இந்தக் குழப்பங்களையெல்லாம் ஒருமுறை சுற்றி வந்துவிட்டோம். 1999 ஜனவரி 31 அன்று 12 ரன்னில் இந்தியாவைத் தோற்கடித்த பாகிஸ்தான் அணிக்குச் சேப்பாக்கம் எழுந்து நின்று கை தட்டியது. சில மாதத்தில் கார்கில். போர் நடக்கும்போதே ஜூன் 8 அன்று மான்செஸ்டரில் இரு நாடுகளும் உலகக் கோப்பையில் மோதின. 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பின் டெல்லி துப்பாக்கிச் சுடும் போட்டிக்குப் பாகிஸ்தான் வீரர்களுக்கு விசா மறுத்தோம். ஒலிம்பிக் கமிட்டி இந்தியாவோடு பேச்சையே நிறுத்திவைத்தது. எல்லா நாட்டு வீரரையும் அனுமதிப்போம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அந்த ஜூனில் தடையை விலக்கிக்கொண்டார்கள். 2023இல் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் பாகிஸ்தான் ஹாக்கி அணி வந்து ஆடியது, 4-0 என்று தோற்றது, ஒரு அசம்பாவிதமும் இல்லை. 2025இல் பஹல்காம் தாக்குதலுக்கும் ஆபரேஷன் சிந்தூருக்கும் பிறகு மத்திய விளையாட்டு அமைச்சகம் ஆகஸ்டில் ஒரு விதியை எழுதியது: பாகிஸ்தானோடு இருதரப்புப் போட்டி கிடையாது, பல நாடுகள் ஆடும் போட்டியில் தடுப்பதில்லை. அந்த விதியோடு எல்லோருக்கும் உடன்பாடு இருக்க வேண்டியதில்லை. எழுதியிருக்கிறது, அதுவே பெரிது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னையிலும் மதுரையிலும் தொடங்கிய இளையோர் ஹாக்கி உலகக் கோப்பைக்கு வர வேண்டாம் என்று முடிவெடுத்தது பாகிஸ்தான்தான். அவர்கள் இடத்தில் ஓமன் வந்து ஆடியது.

தமிழ்நாட்டிடம் அப்படி எழுதிய விதி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. 2012இல் ஓர் அறிக்கை, 2013இல் ஒரு கடிதம், பிறகு மறதி. இடையில் செஸ், ஹாக்கி, டென்னிஸ், சர்ஃபிங் என்று சர்வதேசப் போட்டிகளை வாரிக் கொண்டுவரும் மாநிலமாகிவிட்டோம். அகமதாபாத்துக்கு 2030 காமன்வெல்த் போட்டி கிடைத்திருக்கிறது. இலங்கையும் அதில் ஆடும். 2036 ஒலிம்பிக்குக்கும் இந்தியா கேட்டிருக்கிறது. எந்த நாட்டு வீரரையும் நிறுத்த மாட்டோம் என்ற உறுதியை டெல்லி ஒலிம்பிக் கமிட்டிக்கு 2019இலேயே எழுதிக் கொடுத்தாயிற்று. யாரை, எந்தக் காரணத்துக்கு, எத்தனை காலத்துக்கு விலக்கலாம், யார் அதை முடிவு செய்வது, எது நடந்தால் அது நீங்கும் என்று மாநிலத்துக்குச் சொல்ல ஏதாவது இருந்தால், அதை விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் சட்டமன்றத்தின் முன் வைக்கட்டும். ஈழத் தமிழர் அமைப்புகளையும் வீரர்களையும் கூப்பிட்டுக் கேட்கட்டும். அடுத்த பள்ளி அணி மீனம்பாக்கத்தில் இறங்குவதற்கு முன்னால் இது நடந்தாக வேண்டும்.